சான்செர் ஒயிட் ஒயினுக்கு மீன் குழம்பு சரிப்படுமா? (கொடைக்கானல்)

பூம்பாறை_தோட்டம்:
பிரான்சுல இருந்து வந்த சான்செர் ஒயிட் ஒயின் ஒரு பாட்டில், 750 மி.லி. ஞாயிறு மதியம் ஆறு பேர் சாப்பிடறோம். மீன் குழம்பு வைக்கலாம்னு யோசனை, பொருந்துமா? ருசி எப்படி இருக்கும்? பாட்டில் அடியில கண்ணாடித் தூள் மாதிரி மினுங்குது. கெட்டுப்போச்சா?

மலைச்சமையல்:
கெடலைங்க. ஒயின்ல இருக்கிற டார்டாரிக் அமிலத்தோட உப்பு அது. குளிர்ல படிகமா இறங்கும். கொடை குளிர்ல ராத்திரி வெளியில வச்ச பாட்டில்னா சாதாரணமா வர்றதுதான். சந்தேகம் இருந்தா கடைசியில தங்கறதை வெந்நீர்ல போட்டுப் பாருங்க. உப்புன்னா கரையும், கண்ணாடி கரையாது. பாட்டிலை ஆட்டாம நிமிர்த்தி வச்சு, கடைசி ரெண்டு ஸ்பூனை விட்டுடுங்க.

அதே அமிலம்தான் புளியிலயும் இருக்கு. குழம்பு வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணமும் இதுதான். சாப்பாட்டுப் புளிப்பு ஒயினோட புளிப்பைத் தாண்டிட்டா ஒயின் தண்ணி மாதிரி சப்புன்னு ஆயிடும். மிளகாய்க் காரத்தை 12.5, 13 சதவீத ஆல்கஹால் இன்னும் எரிய வைக்கும். பாயசமும் கூடாது, இனிப்புக்குப் பிறகு ஒயின் வெறும் புளிப்பாத் தெரியும்.

சான்செர்ங்கிறது பிரான்சுல லுவார் ஆத்தோரம் விளையற சொவிஞ்ஞோன் ப்ளாங் திராட்சையில செய்யறது. 1936ல இருந்து அந்தப் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. எலுமிச்சைத் தோல், பம்ப்ளிமாஸ், அப்போ அறுத்த புல், இதெல்லாம் மூக்குல முதல்ல படும். பச்சைக் குடைமிளகாயை நறுக்கும்போது வர்ற வாசமும் இருக்கும். ரெண்டுலயும் பைரசின்ங்கிற ஒரே வகைச் சேர்மம். சிக்கிமுக்கிக்கல் நிலத்துத் தோட்டம்னா கல்லை உரசின நெடி லேசா வரும்னு சொல்லுவாங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிச்சா மட்டும் கார்க் கோளாறு. அது எதுக்கும் ஆகாது.

தாண்டிக்குடி_சந்தை:
குழம்புக்கு வாங்கற மீனையே வறுவலா மாத்துங்க. வைகை அணை ஜிலேபி கெண்டை ஒரு கிலோ போதும். மண் வாடை போக எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி 15 நிமிஷம் வச்சுக் கழுவிடணும், அமிலம் அந்த வாடையை உடைக்கும். மிளகாய்த்தூள் வேண்டாம். அரை ஸ்பூன் மிளகு, உப்பு, ரெண்டு ஸ்பூன் வெண்ணெய்ல தோல் மொறுமொறுன்னு வர்ற வரைக்கும் திருப்பாம விடுங்க. சீக்கிரம் திருப்பினா தோல் சட்டியிலயே ஒட்டிக்கும்.

கூட பட்டர் ஃப்ரூட்டை மசிச்சு எலுமிச்சை, கொத்தமல்லி, உப்பு. பழத்தோட கொழுப்பை ஒயின் வழிச்சுட்டுப் போகும். என்னைக் கேட்டா அன்னிக்கு மேசையில இதுதான் முதல் இடம். பட்டர் பீன்ஸ் வேக வச்சு வெண்ணெய் போட்டாலும் நல்லா இருக்கும். மலைப்பூண்டைப் பச்சையாப் போடாதீங்க, ஒயின் வாசமே தெரியாது. தோலோட சுட்டுப் போட்டா இனிப்பா அடங்கிடும்.

பூம்பாறை_தோட்டம்:
ஆட்டுப்பால் சீஸ்தான் இதுக்கு ஜோடின்னு சொல்றாங்களே. வீட்ல முயற்சி பண்ணினா ரப்பர் மாதிரி வருது.

மலைச்சமையல்:
ஆமா, சான்செர் ஊர்ப் பக்கத்து ஷாவிஞ்ஞோல் கிராமத்து ஆட்டுப்பால் சீஸ் பேர் போனது. ரப்பர் ஆகறது பாலைத் தளதளன்னு கொதிக்க விடறதால. கொடை உயரத்துல தண்ணியே ஏறக்குறைய 93 டிகிரியில கொதிக்கும், அதனால பால் பொங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு லிட்டருக்கு, ஓரத்துல சின்னக் குமிழ் வந்ததும் (85 டிகிரி) அடுப்பை அணைச்சு, மூணு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. 10 நிமிஷம் தொடாம வச்சு, மல்துணியில ரெண்டு மணி நேரம் தொங்க விடுங்க, அழுத்த வேண்டாம். வடியற தண்ணி வெள்ளையா இருந்தா புளிப்பு பத்தலை, இன்னும் ஒரு ஸ்பூன் சாறு.

பரிமாறும்போது ஒயின் 8-10 டிகிரி இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து அரை மணி முன்னாடி எடுத்து வைங்க. ரொம்பச் சில்லுனு ஊத்தினா வாசம் மூடிக்கும். ஆளுக்கு 125 மி.லி. வரும்.

பூம்பாறை_தோட்டம்:
குழம்பை விட்டாச்சு. வறுவலும் பட்டர் ஃப்ரூட்டும். சீஸுக்குப் பாலை சனிக்கிழமையே சொல்லிடறேன்.