மாங்கூழில் பூச்சிமருந்து எச்சம்: முதலில் ரெகவரி 138%, போகப்போக பீக் பாதியாகிறது. எங்கே பார்ப்பது?

மாங்கூழ்_லேப் (கிருஷ்ணகிரி)

வணக்கம். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துக் கூழ் ஆலைகளின் சாம்பிள்தான் எங்களுக்கு அதிகம். பெங்களூரா சீசன், சாம்பிள் குவிகிறது. சரக்கு ஐரோப்பாவுக்கு, அதனால் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை கிலோவுக்கு 0.01 மி.கி. அளவில் உறுதியாகச் சொல்லியாக வேண்டும்.

கருவி ஜி.சி.-ஈ.சி.டி. (கேஸ் குரோமட்டோகிராஃப், ஹாலஜன் பொருட்களைக் கண்டறியும் டிடெக்டரோடு), 5% ஃபீனைல் காலம் (column, பொருட்களைப் பிரிக்கும் மெல்லிய நீண்ட குழாய்), 30 மீ × 0.25 மி.மீ. × 0.25 மைக்ரான். ஹீலியம் நிமிடத்துக்கு 1 மி.லி., இன்லெட் (ஊசி போடும் சூடான அறை) 250 டிகிரி, ஸ்பிளிட்லெஸ் (ஆவியைப் பிரித்து விடாமல் காலத்துக்கே அனுப்பும் முறை), ஊசி 2 மைக்ரோலிட்டர். ஓவன் 80 டிகிரியில் தொடக்கம், டிடெக்டர் 310.

சாம்பிள்: கூழ் 10 கிராம், அசிட்டோநைட்ரைல் 10 மி.லி., மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், உப்பு 1 கிராம். மேலே தெளிந்ததில் 1 மி.லி. எடுத்து 150 மி.கி. மெக்னீசியம் சல்பேட், 25 மி.கி. பி.எஸ்.ஏ. (அமிலம் போன்ற அழுக்கைப் பிடிக்கும் தூள்) போட்டுக் குலுக்கி, அப்படியே ஊசி. ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) ஹெக்ஸேனில்.

பிரச்சனை: புது லைனர் (இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்) போட்டதும் குளோர்பைரிபாஸ் ரெகவரி (நாங்க சேர்த்த மருந்தில் திரும்பக் கிடைப்பது) 138%. இருபது ஊசிக்குள் ஸ்டாண்டர்டின் பீக்கே இறங்கிவிடுகிறது. இன்னொரு பூச்சிமருந்தான சைபர்மெத்ரினின் நாலு பீக்கும் வால் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டுகிறது. செப்டம் (ஊசி துளைக்கும் ரப்பர் மூடி) மாற்றியாச்சு. டிடெக்டரைச் சுட வைத்துப் பார்க்கலாமா?

கேபிலரி_40

டிடெக்டரை இப்போதைக்குத் தொடாதீங்க சார். உள்ளே இருப்பது நிக்கல்-63, கதிரியக்கப் பொருள். திறப்பதெல்லாம் நம்ம வேலை இல்லை. அதோடு, நீங்க சொல்வது டிடெக்டர் கோளாறு மாதிரியும் தெரியலை.

ரெண்டு சோதனை போடுங்க.

முதலாவது, பி.சி.பி.-153ஐ கடைசி எக்ஸ்ட்ராக்டிலும் ஸ்டாண்டர்டிலும் ஒரே அளவு சேர்த்து, வரிசையின் முதல் ஊசியையும் இருபதாவதையும் ஒப்பிடுங்க. அது எதனோடும் ஒட்டாத, உடையாத பொருள். அதுவும் மற்றவையும் ஒரே விகிதத்தில் இறங்கினால் சிரிஞ்ச், கசிவு, டிடெக்டர். அது நிற்க, மற்றவை மட்டும் இறங்கினால் குற்றவாளி இன்லெட்.

ரெண்டாவது, அழுக்கு இன்லெட்டில் எளிதில் உடையும் எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தை மட்டும் ஊசி போடுங்க. அது உடைந்து வரும் எண்ட்ரின் ஆல்டிஹைடு, எண்ட்ரின் கீட்டோன் ரெண்டின் பீக் பரப்பைக் கூட்டி, எண்ட்ரினையும் சேர்த்த மொத்தத்தால் வகுங்க. 15 சதவீதத்தைத் தாண்டினால் இன்லெட்டைச் சுத்தம் செய்யாமல் வரிசையைத் தொடங்கவே கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ.வின் 8081 முறையில் உள்ள வரம்பு அது.

மாங்கூழ்_லேப்

பி.சி.பி. 4% தான் இறங்கியிருக்கு. குளோர்பைரிபாஸ் 22%, சைபர்மெத்ரின் 55%. எண்ட்ரின் சிதைவு 31%.

கேபிலரி_40

அப்போ இன்லெட்தான். உங்க 138ம் இந்தச் சரிவும் ரெண்டு வியாதி இல்லை, ஒண்ணுதான்.

லைனர் கண்ணாடியில் மருந்தைப் பிடித்து வைக்கும் இடங்கள் எப்பவும் கொஞ்சம் இருக்கும். ஹெக்ஸேன் ஸ்டாண்டர்டில் காவலுக்கு யாரும் இல்லாததால் மருந்தில் ஒரு பங்கு அங்கே போய்விடும், பீக் சின்னதாகும். கூழ் எக்ஸ்ட்ராக்டில் மாம்பழச் சரக்கு முன்னாடியே அந்த இடங்களை மூடிவிடும், மருந்து முழுசாக காலத்துக்குப் போகும். அந்த வித்தியாசம்தான் 138. அதே சரக்கு ஊசிக்கு ஊசி லைனரில் கருகிப் படிந்து, தானே புதிதாகப் பிடிக்கும் இடமாகிவிடும். அதனால் பின்னாடி சரிவு, வால்.

இதை வேகப்படுத்துவது உங்க 2 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல். 250 டிகிரி, 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 1 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் ஏறக்குறைய 490 மைக்ரோலிட்டர் ஆவியாகும். ஹெக்ஸேன் என்றால் 195 தான். 4 மி.மீ. லைனரின் மொத்தக் கொள்ளளவே ஒரு மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு, அதிலும் பாதியைத்தான் நம்பலாம். நீங்க போடுவது 980. ஆவி மேலே வழிந்து செப்டம் அடியிலும் கேஸ் பாதையிலும் அழுக்கைப் பூசிவிட்டு வரும். போதாததுக்கு அசிட்டோநைட்ரைல் இந்தக் காலத்தில் சரியாகப் பரவாது, முன்னால் வரும் பீக்குகள் பிளக்கும்.

செய்ய வேண்டியது: 1 மி.லி. எக்ஸ்ட்ராக்டை 40 டிகிரியில் நைட்ரஜன் விட்டு வற்றவிடுங்க. எலும்பாகக் காய விடாதீங்க, டைக்குளோர்வாஸ் மாதிரி ஆவியாகிறவை போய்விடும். ஹெக்ஸேன்–அசிட்டோன் 9:1இல் 1 மி.லி.க்குத் திருப்புங்க. வெறும் ஹெக்ஸேன் என்றால் மிச்ச அசிட்டோநைட்ரைல் அடியில் தனிப் படலமாக நிற்கும், ஊசி எதைக் குடிக்கும் என்று சொல்ல முடியாது. ஊசி 1 மைக்ரோலிட்டர் போதும். உங்க 0.01 மி.கி. என்பது அதில் 10 பிகோகிராம். ஈ.சி.டி.க்கு அது சாதாரணம்.

இன்லெட்டை ஆறவைத்து, டிஆக்டிவேட் செய்த, கிளாஸ் வூல் உள்ள புது லைனர், புது ஓ-ரிங், புது கோல்ட் சீல். காலத்தின் முன்பக்கம் 25 செ.மீ. வெட்டுங்க. வெட்டு நேராக இருக்கணும், லென்ஸில் பாருங்க, ஓரத்தில் சிம்பு நின்றால் மறுபடி வெட்டுங்க. ஃபெரூலுக்கு மேல் எத்தனை மி.மீ. நீட்டணும் என்பது கையேட்டில் இருக்கும், கண் மதிப்பில் வைக்காதீங்க. ஓவன் 60 டிகிரியில் 1 நிமிடம், நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் 180க்கு, பிறகு 5 வீதம் 280, அங்கே 8 நிமிடம். மிச்ச ஆவியை வெளியேற்றும் பர்ஜ் 0.75 நிமிடத்தில் திறக்கட்டும்.

ஓசூர்_ஃபார்மா_கியூசி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஸ்டாண்டர்டையும் மருந்தடிக்காத கூழில் போடாவிட்டால் 138 திரும்பி வரும். பிளாங்க் எக்ஸ்ட்ராக்டை வற்றவைத்து, 5, 10, 20, 50, 100 நானோகிராம்/மி.லி. ஸ்டாண்டர்டால் கரைத்தெடுங்க. பிளாங்குக்குச் சந்தைப் பழம் வேண்டாம். வீட்டுக் கொல்லை மரத்துப் பழமாக இருந்தாலும் முதலில் அதையே ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்க.

புது லைனருக்குப் பிறகு முதல் மூணு நாலு ஊசி பிளாங்க் கூழ், அந்த எண்களைத் தூக்கிப் போடுங்க. பத்து சாம்பிளுக்கு ஒரு ஸ்டாண்டர்டு, 20% நகர்ந்தால் நிறுத்தி லைனர். மஞ்சள் நிறம் போகவில்லையே என்று கார்பன் தூளை அள்ளிப் போடாதீங்க. 1 மி.லி.க்கு 2.5 மி.கி. தாண்டினால் குளோரோதலோனில் மாதிரி தட்டை மூலக்கூறுகளை அதுவே விழுங்கும்.

இன்னொன்று: ஈ.சி.டி. பீக் ஒன்றை வைத்து ‘குளோர்பைரிபாஸ் உண்டு’ என்று ரிப்போர்ட் எழுத வேண்டாம். ஹாலஜன் உள்ள எதற்கும் அது குரல் கொடுக்கும். வேறு வகைக் காலத்திலும் அதே அளவு வரணும், இல்லாவிட்டால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதி செய்யணும். ஆலைக்காரர் கன்டெய்னரையே நிறுத்தி வைத்திருப்பார்.

மாங்கூழ்_லேப்

எண்ட்ரின் சிதைவு 6%. 0.01 ஸ்பைக்கில் (நாங்களே மருந்து சேர்த்த கூழில்) குளோர்பைரிபாஸ் 94%. சைபர்மெத்ரின் நாலும் தனித்தனி. ஆனால் வெறும் ஹெக்ஸேனிலும் 24ஆம் நிமிடம் ஒரு குட்டி பீக் வருது.

கேபிலரி_40

ஊசி போடாமல் ஓவன் மட்டும் ஓட்டுங்க. அப்பவும் வந்தால் செப்டம் அல்லது கேஸ் லைன். செப்டம் அடியைக் கழுவும் கேஸ், அதாவது செப்டம் பர்ஜ், நிமிடத்துக்கு 3 மி.லி. ஓடுதா பாருங்க. வராவிட்டால் வயல் மூடி, கழுவுற பாட்டில், கையுறை. பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் தாலேட்டுக்கும் ஈ.சி.டி. பீக் கொடுக்கும்.