ரிசர்ச்ல இருந்து பேஷன்ட் பாக்குற பக்கம் எப்படி வர்றது?

உப்பங்காத்து:
கடலூர் பக்கம். எம்.எஸ்சி சைக்காலஜி முடிச்சு ஒண்ணரை வருஷமா ஒரு ப்ராஜெக்ட்ல இருக்கேன், மீனவ கிராமத்துல வீடு வீடா போய் பி.எச்.கியூ-9 (மனச்சோர்வு எவ்வளவு இருக்குன்னு பாக்குற ஒன்பது கேள்வி) கேட்டு டேப்லெட்ல ஏத்துறதுதான் வேலை. போன வாரம் ஒரு அக்கா கருவாடு காய வெச்சிக்கிட்டே எட்டு கேள்விக்கும் பட்டு பட்டுனு பதில் சொன்னாங்க, ஒன்பதாவதா செத்துப்போயிட்டா தேவலைன்னு இந்த ரெண்டு வாரத்துல தோணுச்சான்னு கேட்டதும் கை நின்னுடுச்சு. "தெனமும்தான் தோணுது, அதுக்கு என்ன பண்ணச் சொல்ற"ன்னாங்க. 3ன்னு போட்டேன், கிட்டத்தட்ட தெனமும்னா அதான் மார்க். சூப்பர்வைசருக்கு போன் பண்ணிட்டு அவங்க அம்மா வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், மறுநாள் ஜி.எச்.க்கு கூட்டிட்டுப் போயாச்சு. ஆனா எனக்கு கேக்க மட்டும்தான தெரியுதுன்னு ராத்திரி தூக்கமே இல்ல. நானே ட்ரீட்மென்ட் குடுக்கணும்னா என்ன படிக்கணும்?

காலாப்பட்டு சீனியர்:
எம்.எஸ்சி மட்டும் வெச்சு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாதும்மா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். இத்தனை நாளா அதுக்கு முக்கியமான வழி கிளினிக்கல் சைக்காலஜில ரெண்டு வருஷ எம்.பில். யூ.ஜி.சி. எம்.பில் படிப்பையே நிறுத்துனப்ப இதுக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரைக்கும் அட்மிஷன் நீட்டிச்சாங்க, அதனால எந்த கோர்ஸா இருந்தாலும் காலேஜ்காரங்க வாய்ப்பேச்ச நம்பாம ஆர்.சி.ஐ. வெப்சைட்ல அப்ரூவல் எந்த வருஷம் வரைக்கும்னு பாத்துட்டு பீஸ் கட்டு. தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு பாக்காம சேந்து ரெண்டு வருஷம் போச்சு.

ஓ.பி. அண்ணன்:
பாண்டில மனநல ஓ.பி.ல இருக்கேன். சீட் கைக்கு வராம வேலைய விட்றாத. சேந்த உடனே தெரபி குடுக்க விடமாட்டாங்க, மொத சில மாசம் கேஸ் ஹிஸ்டரிதான், ஒரு ஆளுக்கே ஒண்ணரை மணி நேரம் ஆகும், எழுதுனத சீனியர் சிவப்பு பேனாவால கிழிப்பாங்க. அங்க வர்ற நெறைய பேருக்கு கேள்வி கேட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் வாய மூடிட்டு இருக்க வராது. நீ அத அந்த வாசல்லயே கத்துக்கிட்ட. மாவட்ட மனநலத் திட்ட டீம் உங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கு என்னிக்கு வர்றாங்கன்னும் கேட்டு வெச்சிக்க.

தேவனாம்பட்டினம்:
2004 சுனாமிக்கு அப்புறம் எங்க ஊருக்கு சர்வே பாரத்தோட வந்தவங்க ஏராளம், திரும்பி வந்தவங்க கொஞ்சம். அப்படி வந்த ஒரு மேடத்த எங்கம்மா இன்னும் கேக்கும். படி, ஆனா அந்த அக்காவ மறுபடி போய் பாரு. 14416, அரசோட டெலி மானஸ் மனநல ஹெல்ப்லைன் நம்பரையும் குடு, தமிழ்லயே பேசுவாங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

உப்பங்காத்து:
நேத்து போயிட்டு வந்தேன். மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க, வாய் காயுதுன்னு நிறுத்தப் பாத்தாங்க, டாக்டர்ட்ட கேக்காம நிறுத்தாதீங்கன்னு சொல்லிட்டு நம்பர அவங்க போன்லயே போட்டுக் குடுத்துட்டேன். ஓ.பி. அண்ணா, கேஸ் ஹிஸ்டரி எழுதுற பார்மட் இருந்தா அனுப்புங்க, இப்பவே எழுதிப் பழகிக்கிறேன்.