டீர் லாட்ஜ் ரான்ச் வீட்டைப் பார்த்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை எழுதியது:

போன வருடம் ஜூலையில் சியாட்டிலில் இருந்து யெல்லோஸ்டோனுக்குக் காரில் போனோம். 90-ஆம் நெடுஞ்சாலையில் மொன்டானாவின் டீர் லாட்ஜ் ஊரில் இறங்கி, கிரான்ட்-கோர்ஸ் ரான்ச் என்ற பழைய மாட்டுப் பண்ணையைப் பார்த்தோம். கான்ராட் கோர்ஸ் கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். இன்றைய ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில் பிறந்து, 15 வயதில் கப்பலேறி, 1862-இல் தங்கம் தேடி மொன்டானா வந்து, பானக் சுரங்க ஊரில் மாதம் 25 டாலருக்குக் கசாப்புக்கடை வேலையில் சேர்ந்து, கடைசியில் வருடத்துக்கு 10,000 மாடுகளை சிகாகோவுக்கு ரயிலேற்றியவர். அதை நான் திரும்பச் சொல்லவில்லை.

எனக்கு மறக்காதது அந்த வீட்டுச் சமையலறை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். வீட்டைச் சுற்றிக்காட்டியவர் சொன்னதையெல்லாம் அம்மா காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கோர்ஸின் மனைவி அகஸ்டாவுக்குக் கல்யாணத்தின்போது 19 வயது. 1868-இல் அயோவாவில் கல்யாணம் முடிந்து, மிசூரி ஆற்றில் நீராவிப் படகேறி ஃபோர்ட் பென்டன் வரை வந்து, அங்கிருந்து வண்டியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். வீடு முழுக்க ஆம்பளைகள், சமையலுக்கும் ஒரு ஆள். வந்ததும் அந்தச் சமையல்காரரை அனுப்பிவிட்டு அடுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். பால் கறப்பது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, சோப்புக் காய்ச்சுவது எல்லாம் அவர்தான்.

இதைக் கேட்டதும் அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வந்த அன்னைக்கே வீடு தன்னோடதுன்னு முடிவு பண்ணிட்டா பாரு" என்றார். கொஞ்சம் தள்ளிப் போனதும் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அப்ப இவளுக்கு முன்னாடி இந்த அடுப்படியில யாருடி இருந்தா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா, இவங்கதான் முதல்" என்றேன். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், எனக்கு அவசரம்.

அன்றிரவு பியூட் ஊரில் விடுதியில், ரான்ச்சில் வாங்கிவந்த துண்டுப் பிரசுரத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்த மரவீட்டை 1862-இல் கட்டியவர் ஜானி கிரான்ட் என்ற மெத்தி வியாபாரி (மெத்தி என்றால் பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த இனம்). அவர் மனைவி குவாரா, ஷொஷோனி என்ற பூர்வகுடி இனத்துப் பெண். கோர்ஸ் 19,200 டாலர் கொடுத்து இடத்தை வாங்கியது 1866-இல். அடுத்த வருடம் குவாரா காசநோயில் இறந்துபோனார். அதற்கடுத்த வருடம் அகஸ்டா வந்தார்.

அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. மறுநாள் வெந்நீர் ஊற்று, காட்டெருமை என்று நாள் போய்விட்டது. அம்மா ஊருக்குத் திரும்பி இப்போது பத்து மாதம்.

செவ்வாற்றங்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதை நான் விடமாட்டேன். "முதல் குடியேறி" என்று கோர்ஸை எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் எனக்கு இதே கோபம் வரும்.

நான் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு மெத்தி அம்மாவிடம், மொன்டானா போய் வந்தேன், கோர்ஸ் ரான்ச் பார்த்தேன் என்றேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, "கிரான்ட் ரான்ச்" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லாமல் திரும்பவும் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். ஆறு வருடமாகியும் அந்த மூடி மூடிய சத்தம் என் காதில் இருக்கிறது.

கிரான்ட் செய்த வியாபாரத்தைப் பாருங்கள். ஆரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் வண்டி கட்டிப் போகிறவர்களின் எருதுகள் பாதிவழியிலேயே குளம்பு தேய்ந்து நடக்க முடியாமல் நிற்கும். அப்படி ஓய்ந்த மாடு இரண்டை வாங்கிக்கொண்டு, நன்றாக மேய்ந்த மாடு ஒன்றைக் கொடுப்பார். ஓய்ந்த இரண்டையும் குளிர்காலத்தில் பள்ளத்தாக்குப் புல்லில் மேயவிட்டால் அடுத்த கோடையில் அவையும் தேறி நிற்கும். மொன்டானாவின் மாட்டு வளம் இப்படித்தான் தொடங்கியது. கசாப்புக் கடைக்காரருக்கு வாங்க மாடு இருந்ததே இவர்களால்தான்.

அந்தப் புல்வெளியில் அவரை மேய்க்கவிட்டது யார்? குவாராவின் சொந்தக்காரர்கள். கிரான்ட் பல இனங்களில் பெண் எடுத்தவர். அந்த உறவுகள்தான் அவர் மந்தைக்குக் காவல். சொந்தக்காரன் மந்தையில் யாரும் கை வைக்கமாட்டார்கள். குவாரா போனபிறகு கிரான்ட் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே செவ்வாற்று (ரெட் ரிவர்) பக்கம் வந்துவிட்டார். கடைசிவரை மனிடோபாவும் ஆல்பர்ட்டாவும்தான்.

அகஸ்டா பெரிய மனுஷிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஏற்றிய அடுப்பு ஏற்கெனவே எரிந்த அடுப்பு.

மாட்டு டாக்டர் எழுதியது:

நான் ரான்ச் வீட்டுக்குள் போனதில்லை. ஆனால் அந்த வாழ்க்கையை ஒரு குளிர்காலம் பார்த்தேன். கால்நடை மருத்துவம் படித்தபோது கிழக்கு மொன்டானாவில் ஒரு குடும்பத்தோடு ஆறு வாரம் தங்கினேன். அவர்களுடைய பூட்டன், குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1909 சட்டப்படி 320 ஏக்கர் எடுத்துக் கோதுமை போட வந்தவர். 1917-இல் தொடங்கிய வறட்சியில் அக்கம்பக்கத்தார் எல்லாம் கதவைக்கூடப் பூட்டாமல் போய்விட, இவர் மட்டும் மிச்சமிருந்த பணத்தில் கிடேரி வாங்கினாராம். அப்போதிருந்து மாடுதான்.

பிப்ரவரி. இராத்திரி இரண்டு மணி. வெளியே மைனஸ் 27 டிகிரி. தலையீற்றுக் கிடேரி ஒன்று கொட்டகைக்கு வராமல் வேலியோரமே ஈன்றுவிட்டது. வீட்டுப் பாட்டி, எண்பது வயதிருக்கும், எங்களுக்கு முன்னால் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். கன்றைத் தூக்கியபோது உடம்பில் ஈரம் பனிக்கட்டியாகி, ரோமம் முள் முள்ளாகக் குத்தியது. காது நுனி அட்டை மாதிரி விறைத்திருந்தது. சமையலறைத் தரையில் போட்டு, துண்டால் தேய்த்து, கறந்து வந்த சீம்பாலைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டோம். பாட்டி அதன் இரண்டு காதையும் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அசையவே இல்லை. விடியும்போது கன்று எழுந்து நின்றுவிட்டது. ஒரு காது பிழைத்தது, இன்னொன்றின் நுனி பிற்பாடு உதிர்ந்துவிட்டது. பாட்டி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கையில் வாதம், சரியாக மூட முடியவில்லை" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். உயிர் பிழைத்த கன்றுக்கு!

அதனால்தான் 1886-87 குளிர்காலத்தைப் பற்றிப் படித்தபோது என்னால் தாங்க முடியவில்லை. கோடையிலேயே மழை இல்லை, புல் இல்லை. ஜனவரியில் கொஞ்சம் உருகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடி போல மூடிக்கொண்டது. குதிரை என்றால் குளம்பால் பனியைக் கீறிப் புல் எடுக்கும். மாட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, மூக்கால் தள்ளிப் பார்க்கும். பனிக்கட்டி மூக்கையும் காலையும் அறுத்துவிடும். திறந்தவெளியில் விட்ட மந்தைகளில் பாதிக்கு மேல் போயிற்று. கிரான்வில் ஸ்டூவர்ட் போன்ற பெரிய மாட்டுக்காரரே, தீவனமும் ஒதுங்க இடமும் கொடுக்க முடியாத ஒரு உயிரை இனி வைத்திருக்க மாட்டேன் என்று தொழிலை விட்டார். கோர்ஸ் தப்பியது, டீர் லாட்ஜில் வேலி போட்டு, புல் அறுத்துக் காயவைத்துப் போர் போட்டிருந்ததால்தான்.

நெடுஞ்சாலைக்காரன் எழுதியது:

தங்கச்சி, கன்றுக்குட்டிக் கதை நெஞ்சைப் பிசைந்துவிட்டது. ஆனால் கடைசி வரியில் எனக்கு ஒப்புதல் இல்லை. கோர்ஸின் மாடுகளில் பெரும்பகுதி டீர் லாட்ஜில் இல்லை, தூரத்துத் திறந்தவெளியில் இருந்தது. அங்கே அவருக்கும் பலத்த அடிதான். வைக்கோல் போர் வீட்டு மந்தையைக் காப்பாற்றியிருக்கும். ஆளைக் காப்பாற்றியது பியூட் ஊர் வங்கிக்காரர் ஏ.ஜே. டேவிஸ் ஈடு எதுவும் கேட்காமல் கொடுத்த 1,00,000 டாலர். அதை நாலே வருடத்தில் அடைத்தார். சுரங்கத்திலும் வாய்க்கால் தண்ணீரிலும் அவருக்குப் பங்கு இருந்தது. மாடு ஒன்றையே நம்பியவர்கள்தான் மூழ்கினார்கள்.

என் அனுபவம் சின்னது. 2016-இல் மழைக்கு ஒதுங்கி டீர் லாட்ஜ் ஊர் நூலகத்துக்குள் போனேன். வில்லியம் கே. கோர்ஸ் நினைவு நூலகம். கோர்ஸ் தம்பதியின் ஒரே மகன் வில்லியம், கல்லூரியில் படிக்கும்போது 1901-இல் இறந்தான், 21 வயது. அவன் பெயரில் பெற்றவர்கள் கட்டியது. அன்று என் மகனுக்கும் 21. செய்தித்தாளை விரித்தபடி ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ரான்ச்சுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். இடம் குறைவு, அதனால் காலையிலேயே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள். கோடையில் போனால்தான் கொல்லுப்பட்டறை, சமையல் வண்டி எல்லாம் பார்க்கலாம். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கை மூடும், ஆஸ்துமா உள்ளவர்கள் ஜூனிலேயே போங்கள். அது இன்றும் மாடு வளர்க்கிற இடம், பொம்மைக் கண்காட்சி இல்லை. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போகவேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், பிள்ளைகளை வேலியில் ஏறவிடாதீர்கள். வண்டிக் கொட்டகையை அவசரப்படாமல் பாருங்கள். வீட்டை வெளியே சுற்றி வந்தால் முன்பக்கம் கிரான்டின் மரவீடு, பின்பக்கம் 1890-இல் கோர்ஸ் சேர்த்த செங்கல் கட்டடம், இரண்டும் சேருகிற மூலை தெரியும். அங்கே நின்று பாருங்கள். நேரம் இருந்தால் தெற்கே பானக் போங்கள், ஆளில்லாத சுரங்க ஊர். கோர்ஸ் இறைச்சி வெட்டிய காலத்தில் அங்கே ஷெரீஃபாக இருந்த ஹென்றி பிளம்மரையே 1864 ஜனவரியில் தூக்கில் போட்டார்கள். அங்கே சாப்பாட்டுக்கடை இல்லை, சாப்பாடும் தண்ணீரும் வழியில் டில்லன் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் பாதி டேங்குக்குக் கீழே பெட்ரோல் இறங்க விடாதீர்கள்.

செவ்வாற்றங்கரை எழுதியது:

அண்ணா, வங்கிக் கடன் சரி. ஈடில்லாமல் 1,00,000 டாலர் ஒரு கோர்ஸுக்குக் கிடைத்தது. ஆங்கிலக் கணக்குவழக்கில் ஏமாந்துவிடுவோமோ என்று பயந்து வாழ்ந்த கிரான்டுக்கு யார் கொடுத்திருப்பார்கள்? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நெடுஞ்சாலைக்காரன் எழுதியது:

நியாயம் தம்பி. சேர்த்துக்கொள்கிறேன்.

மாட்டு டாக்டர் எழுதியது:

அண்ணா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். கடன் வாங்கி மறுபடி மாடு வாங்கலாம், ஆனால் நல்ல இனமும் தீவனமும் கையில் இல்லாமல் நாலு வருடத்தில் அடைக்க முடியாது. ஷார்ட்ஹார்ன், ஹெர்ஃபோர்டு என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவர் அவர். பேரன் கான்ராட் வாரனும் அதே வழியில்தான் போனார், 1972-இல் இடம் தேசியப் பூங்காத் துறைக்குப் போகும்வரை.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அகஸ்டா 96 வயது வரை, 1945 வரை இருந்தார். கணவரை 1920-இல் இழந்த பிறகும் கோடையில் அந்த வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. குவாராவைப் பற்றி அம்மாவிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நேற்றிரவு போன் போட்டேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மாட்டுப் பண்ணை வீட்டில் நான் சொன்னது தப்பும்மா, அகஸ்டாவுக்கு முன்னாடி அங்கே இன்னொரு பெண் இருந்தாங்க, பிள்ளைகளும் இருந்தாங்க, காசநோயில் போயிட்டாங்க என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நான்தான் கேட்டேனே" என்றார். "அவ பேரு என்ன?"

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். இன்னொரு தடவை, மெதுவாக, எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.