எந்த ஆப் மெமரியைத் தின்கிறது?

கேள்வி: ஒரே லினக்ஸ் சர்வரில் நான்கு வெப் ஆப், ராம் 8 ஜிபி. ராத்திரியில் ஒன்று தானாக நின்றுவிடுகிறது, காலையில் டாப் (ஓடும் புரோகிராம்கள் எடுக்கும் சிபியு, மெமரியைக் காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்தால் எல்லாம் சாதுவாக இருக்கிறது. எது எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாக எப்படிப் பார்ப்பது?

பதில் 1: கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். செத்ததே குற்றவாளி என்று நினைக்காதீர்கள், மெமரி தீர்ந்தால் பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பதைத்தான் கர்னல் கொல்லும்.

பதில் 2: ஒவ்வொன்றையும் தனி சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) சர்வீஸாக ஓட்டினால், சிஸ்டம்டி-சிஜிடாப் கமாண்டில் சிபியு, மெமரி இரண்டும் ஆப் வாரியாக வரும். டாப்பில் உள்ள 'ரெஸ்' (ஒவ்வொரு ப்ராசஸும் ராமில் வைத்திருக்கும் அளவு) எண்களைக் கூட்டி ஏமாந்தவன் நான். ஒர்க்கர்கள் (ஒரே ஆப்பின் பல ப்ராசஸ்கள்) பகிர்ந்துகொள்ளும் மெமரி ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்பக் கணக்காகும்.

கேட்டவர்: சரி, பிடித்துவிட்டேன். 2 மணிக்கு ஓடும் ரிப்போர்ட் வேலைதான், செத்தது பாவம் பக்கத்து ஆப். ரிப்போர்ட் வேலைக்கு 'மெமரிமேக்ஸ்' (சிஸ்டம்டியில் மெமரிக்கு உச்சவரம்பு) வைத்தாயிற்று.