திங்க்பேட் டி16: கணக்கு வேலைக்குச் சரிவருமா?

கேள்வி: நாள் முழுக்க எக்செல்தான் என் வேலை. தனி நம்பர்பேட் வேண்டும் என்பதால் லெனோவோவின் டி16 லேப்டாப், முதல் தலைமுறை, இன்டெல் மாடல், செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு மானிட்டர் மாட்ட டாக் (கூடுதல் போர்ட்டுகள் தரும் தனிப் பெட்டி) தேவைப்படுமா?

பதில் 1: தேவையில்லை. எச்டிஎம்ஐ இருக்கிறது, அதுபோக டைப்-சி வடிவத்தில் தண்டர்போல்ட் 4 போர்ட் இரண்டு. ஒன்றில் சார்ஜர் போனாலும் இன்னொன்றில் டைப்-சி மானிட்டரை நேரடியாக மாட்டலாம். எனக்குப் பிடித்தது ஈதர்நெட் போர்ட். வைஃபை தள்ளாடும் இடத்தில் கேபிளைச் சொருகி அந்த 'டக்' சத்தம் கேட்டால்தான் நிம்மதி.

பதில் 2: நம்பர்பேட் இருப்பதால் எழுத்து விசைகளும் டச்பேடும் இடப்பக்கம் தள்ளியிருக்கும், அதனால் நேரில் உட்கார்ந்து பத்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 16:10 திரை சற்று உயரமானது, அதனால் எக்செலில் கூடுதல் வரிசைகள் தெரியும். எஸ்டி கார்டு ஸ்லாட் கிடையாது.

கேட்டவர்: கார்டு எனக்குத் தேவைப்படாது. சனிக்கிழமை போய்த் தட்டிப் பார்க்கிறேன், நன்றி.