பொன்மலையில் நிற்கும் ஆல்கோக்கள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பொன்மலைவாசி:

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போகிற வழியில் திருச்சி பொன்மலை ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். பிளாட்பாரக் கடைசியிலிருந்து பார்த்தால் தெரிகிற லைனில் நான்கு ஆல்கோக்கள், அதாவது அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைப்பில் வந்த பழைய டீசல் எஞ்சின்கள், வரிசையாக நின்றன. மூன்று சரக்கு ரயில் வகையான டபிள்யூடிஜி-3ஏ, கடைசியில் பயணிகள், சரக்கு இரண்டையும் இழுக்கிற டபிள்யூடிஎம்-3ஏ ஒன்று.

நிற்கிற எஞ்சினைப் பார்த்தால் நான் முதலில் அதன் அடியில் இருக்கிற தண்டவாளத்தைத்தான் பார்ப்பேன். ஓடுகிற வண்டி என்றால் தண்டவாளத்தின் மேல்முகம் வெள்ளி மாதிரி பளபளக்கும். நின்றுபோன வண்டிக்கு முன்னும் பின்னும் செம்பழுப்பாகத் துரு ஏறியிருக்கும். முதல் மூன்று வண்டிகளுக்கும் துருதான். சக்கரத்தின் ஓரமும் அதே நிறம். புகைபோக்கி வாயைத் தகரத்தால் மூடிக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒன்றில் ஹெட்லைட்டே இல்லை, அந்த ஓட்டையில் இரண்டு ஒயர்கள் தொங்கின. நடு வண்டியில் முன்பக்க இணைப்பு வழியாக ஒரு கோவைக்கொடி ஏறி, கைப்பிடிக் கம்பியில் சுற்றிக்கொண்டு, லோகோ பைலட் ஜன்னல் வரை போயிருந்தது. நுனியில் ஒரு பழம் சிவந்து தொங்கியது. அந்த ஜன்னலை எத்தனை மாதமாக யாரும் திறக்கவில்லையோ என்று நினைத்தபோது மனசுக்கு என்னவோ செய்தது.

நான்காவது வண்டி வேறு கதை. தண்டவாளம் பளபளப்பு. பத்து மணி வாக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த மரக்கட்டைகளை எடுத்தார், இன்னொருவர் மேலே ஏறினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல், இரண்டு மூன்று தடவை திணறல், பிறகு அந்தச் சத்தம். ஆல்கோ ஐட்லிங்கில், அதாவது நகராமல் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டு, நிற்கிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், குதிரை நொண்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு தாளம். நான்கு ஸ்ட்ரோக், பதினாறு சிலிண்டர். பக்கத்தில் நிற்கிற டபிள்யூடிபி-4, பிந்தைய வகை டீசல், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், 4000 குதிரைசக்தி. பலசாலிதான், ஆனால் அது ஒரே சீராக உறுமும். தாளம் கிடையாது.

வண்டி நகர்ந்தபோது கரும்புகை ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து, சில நொடியில் மெலிந்தது. எஞ்சின் கெட்டுப்போய்விட்டது என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். கெடவில்லை. டிரைவர் நாட்ச் (வேகம் கூட்டுகிற கைப்பிடியின் படி) ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடுகிறது. காற்றைத் தள்ளுகிற டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் எரியாத டீசல்தான் கரியாக வருகிறது.

1962-ல் அமெரிக்காவிலிருந்து முதல் டபிள்யூடிஎம்-2 வந்தது, 1964 முதல் வாரணாசியில் கட்ட ஆரம்பித்தார்கள். 2600 குதிரைசக்தியில் தொடங்கி 3100, 3300 என்று வளர்ந்த குடும்பம் இது. என் சின்ன வயதில் ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸை இழுத்ததும் இவர்கள்தான். இப்போது தஞ்சாவூர்த் தடத்திலும் மின்கம்பி வந்துவிட்டது. சோழன் எக்ஸ்பிரஸை மின்சார எஞ்சின் இழுத்துக்கொண்டு போகிறது. ஆல்கோவுக்கு மிச்சம் யார்டில் பெட்டிகளை மாற்றிச் சேர்க்கிற ஷண்டிங்கும், பாதை வேலைக்குப் போகிற ரயிலும்.

படம் எடுக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பிளாட்பாரத்தை விட்டு இறங்காதீர்கள். ஓடாத வண்டி என்று நினைத்து லைனைத் தாண்டினால், பக்கத்து லைனில் பெட்டி இல்லாமல் தனியாக ஓடுகிற லைட் எஞ்சின் சத்தமில்லாமல் வரும்.

ஷெட் ஃபிட்டர் மகள்:

அண்ணா, அந்தத் தகர மூடியைப் பார்த்து நீங்கள் வருத்தப்பட்டிருப்பீர்கள் என்று தோன்றியது. எனக்கு அது சந்தோஷம். எங்கள் அப்பா டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மூடி போட்ட வண்டி என்றால் திரும்ப எடுக்கலாம் என்ற எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம் என்பார். புகைபோக்கி வழியாக மழைத்தண்ணீர் டர்போவுக்கும் சிலிண்டருக்கும் இறங்கிவிட்டால் பெரிய தொல்லை. தண்ணீரை அமுக்க முடியாது இல்லையா? பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாமல் நிற்கும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் ரொம்ப நாள் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் ஸ்டார்ட் பண்ண மாட்டார்கள். முதலில் மெதுவாகக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள்.

அப்பாவோடு ஒரு தடவை குடும்ப நாளில் ஷெட்டுக்குள் போனபோது எனக்கு ஒன்பது வயசு. நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியின் பக்கக் கதவைத் திறந்து, என் உள்ளங்கையை எஞ்சின் மேல் வைக்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. “நேத்து ராத்திரி நிறுத்தினது, இன்னும் சூடு போகலை பாரு” என்றார். கையைப் பாவாடையில் துடைத்தேன். அந்தக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. அம்மா திட்டியது அப்பாவைத்தான்.

ஹெட்லைட் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது இன்னொரு வண்டியின் நெற்றியில் எரிந்துகொண்டிருக்கும். ஒரு வண்டியின் சாமானை எடுத்து இன்னொன்றை ஓட வைப்பது ஷெட்டில் தினமும் நடக்கிற விஷயம். ஆனால் எடுத்துக்கொண்டே இருந்து, இனி திருப்பிப் போட ஒன்றுமில்லை என்ற நிலை வரும்போதுதான் கண்டம், அதாவது இனி உதவாது, என்று எழுதுவார்கள். அப்பா பார்த்துப் பழகிய வண்டிகள் கண்டம் ஆன அன்றைக்கு வீட்டில் பேச்சே இருக்காது.

குன்னூர் பக்கம்:

அகல ரயில் பாதையில் ஆல்கோ குறைகிறது என்று கவலைப்படுகிறவர்கள் ஒரு நாள் குன்னூர் வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பல் வைத்த நடுத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளி வரும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) டீசலான ஒய்டிஎம்-4 மாட்டுவார்கள். அதுவும் ஆல்கோதான். ஆறு சிலிண்டர், 1400 குதிரைசக்தி. அவசரப்படாமல், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும்படி துடிக்கும். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் முழுக்க மாறிப்போன பிறகும் இந்த மலையில் மட்டும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரிய பழுதென்றால் இவை இறங்கி வருவதும் உங்கள் பொன்மலைப் பணிமனைக்குத்தான். மலை ரயிலுக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டிய இடம் அது. 2021-ல்கூட நிலக்கரியில் ஓடுகிற ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். அதை முதன்முதலில் மேட்டுப்பாளையம் யார்டில் பார்த்தபோது பெயிண்ட் வாசனை போகவில்லை. பக்கத்திலேயே பழைய எஞ்சின் ஒன்று தீ போடாமல் நின்றது. இரண்டுக்கும் வடிவம் ஒன்று, வயசு மட்டும் எத்தனையோ பத்தாண்டு வித்தியாசம். எனக்கு எதை முதலில் படம் எடுப்பது என்றே தெரியவில்லை.

பொன்மலைவாசி:

இந்த வாரம் திரும்பப் போனேன். தகர மூடி பற்றிப் படித்த பிறகு வேறு கண்ணோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முதல் வண்டியும் மூன்றாவதும் அங்கேயே இருக்கின்றன, மூடியோடு. கோவைக்கொடி ஏறியிருந்த நடு வண்டி இல்லை.

அது நின்ற இடத்தைப் பிளாட்பாரத்திலிருந்தே கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜல்லி மேல் பெரிய எண்ணெய்க் கறை. ஒவ்வொரு தண்டவாளத்திலும் துருவுக்கு நடுவே சக்கரம் உட்கார்ந்திருந்த இடங்கள் காசு அளவுக்குத் தனியாகத் தெரிந்தன. மூன்று, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. கொடி அறுந்து ஸ்லீப்பர் மேல் கிடந்தது. இலை இன்னும் முழுசாக வாடவில்லை, அதனால் எடுத்துப்போய் இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்காது.

தங்கச்சி, பணிமனைக்குப் போனதா, ஏலத்துக்குப் போனதா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்வீர்களா? அந்த வண்டிக்கும் மூடி இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.