மறு: ‘கதிர் உணர்திறன்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கதிர்வீச்சால் எளிதில் கெடும் தன்மையைக் (radiosensitivity) குறிக்க, ‘கதிர் உணர்திறன்’ என்பதற்கு மாற்றாக நான் முன்வைத்த சொல்லைப் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இது பதில்.

> ‘கதிர் உணர்திறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. அதை மாற்ற என்ன தேவை?

தேவை இருக்கிறது, ஐயா. நான் எழுதிவரும் கட்டுரை அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற பரம்பரை நோயைப் பற்றியது. நடை பழகும் வயதிலேயே குழந்தை தள்ளாடும். சிறுமூளையின் புர்கின்ஜி நரம்பணுக்கள் மெல்ல அழியும். பத்து வயதையொட்டிப் பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும். இவர்களுக்குப் புற்றுநோய் வந்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவு கதிர்வீச்சைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பண்பைத்தான் ‘உணர்திறன் மிகுதி’ என்று வரைவில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் அக்கா, “உணர்திறன் மிகுந்தால் நல்லதுதானே?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

அறிவியலும் அக்கா பக்கம்தான். 1995இல் டெல் அவீவில் யோசெஃப் ஷைலோவின் குழு கண்டறிந்த ஏ.டி.எம். மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பழுதானால்தான் இந்த நோய் வருகிறது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்தால், பழுது நீங்கும்வரை உயிரணுப் பகுப்பை நிறுத்திவைக்கச் செய்வது அதன் புரதம். அந்தப் புரதம் இல்லாத உயிரணு, இழை அறுந்தது தெரியாமல் டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொண்டே போகிறது. உணராமல் கெடுகிற ஒன்றுக்கு ‘உணர்திறன் மிகுதி’ என்று பெயர் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

ஆகவே ‘கதிர்நொய்மை’ என்ற சொல்லை முன்வைத்தேன்.

> ‘கதிர்’, ‘நொய்’ இரண்டும் நெல்லை நினைவூட்டுகின்றன. ‘கதிர்தாங்காமை’ எளிதாயிற்றே?

எளிதுதான், அம்மா. இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் தாங்காமைக்கு ஏற்றத்தாழ்வு சொல்ல வருவதில்லை. பழுதான மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களின் உயிரணுக்கள் பல சோதனைகளில் இடைப்பட்ட நிலையில் இருக்கின்றன. ‘சற்றே கதிர்தாங்காமை’ இடறுகிறது; ‘சற்றே கதிர்நொய்மை’ இடறவில்லை. நெல் நினைவு வந்தாலும் கேடில்லை. நொய் என்பது உடைந்த அரிசி, இங்கே உடைவது இழை. கதிர்வீச்சு, கதிரியக்கம் என்ற சொற்களில் நமக்குக் குழப்பம் வந்ததும் இல்லை.

கட்டுரையின் பின்பாதியில் இந்தச் சொல் அடிக்கடி வரும் என்பதால் அது குறுகியும் இருக்க வேண்டும். வாழும் குழந்தையின் சிறுமூளையைக் கிள்ளி எடுத்து ஆராய முடியாது. இந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்குக் கதிர்நொய்மை உண்டு. ஆனால் குழந்தைகளுக்கு நேர்வதுபோல் அவற்றின் சிறுமூளை அழிவதில்லை. எனவே, ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யாமானாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டிய வழியில், நோயாளியின் தோல் உயிரணுவை, பல வகை உயிரணுக்களாக வளரக்கூடிய குருத்தணுவாகத் திருப்பி, அதிலிருந்து நரம்பணு வளர்க்கிறார்கள். மரபணுவைத் திருத்திய குருத்தணுவையும் திருத்தாததையும் அருகருகே வைத்துக் கதிர் பாய்ச்சினால், அந்த ஒரு மரபணுவின் பங்கு தனித்துத் தெரியும். குருத்தணுவின் கதிர்நொய்மை, நரம்பணுவின் கதிர்நொய்மை என்று எழுதும்போது வாக்கியம் தடங்காமல் ஓடுகிறது.

எதிர்ச்சொல்தான் இன்னும் அமையவில்லை. ‘கதிர்த்திண்மை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். திண்மம் என்பது திடப்பொருளுக்கு உரிய சொல் என்பதால் தயக்கம். கதிர் மருத்துவத்தில் பணியாற்றும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் வரைவில் சேர்த்துவிடுவேன்.